தேடலைத் தரையிலேயே முடியுங்கள்: புதிய விமானிகளுக்கு ஒரு சார்ட் வழிகாட்டி

பயிற்சிக் காலத்தில் முதன்முறையாக வேறு ஊருக்குப் பறந்த நாளில், செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் இடது இருக்கையில் உட்கார்ந்து, விமானிகளின் வரைபடமான சார்ட்டை முழுவதுமாக விரித்துவிட்டேன். ஒரு முனை பயிற்றுநரின் முகத்தில் இடித்தது. இன்னொரு முனை கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டது. போகவேண்டிய கோட்டைத் தாளில் கண்டுபிடித்துத் தலையை நிமிர்த்தியபோது விமானம் 20 டிகிரி வலப்புறம் திரும்பி, 300 அடி இறங்கியிருந்தது. பயிற்றுநர் திட்டவில்லை. தாளை வாங்கி மடித்து, கோடு ஓடும் பகுதி மட்டும் மேலே தெரியும்படி என் தொடையில் வைத்து அழுத்தினார். தேடவேண்டியதை எல்லாம் மேசையில் தேடி முடித்துவிட்டு வரவேண்டும், மேலே வந்தபின் தேடக் கூடாது என்று இறங்கிய பிறகு சொன்னார்.

இன்று நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதும் இதைத்தான். எப்படிச் செய்வது என்பதை ஒரு நிஜப் பாதையை வைத்தே பார்க்கலாம்: கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ விமான நிலையத்திலிருந்து தெற்கே சலினாஸ் வரை. சிறிய பயணம்தான். ஆனால் மலை, நெரிசலான வான்வெளி, தரையில் ஏமாற்றும் அடையாளம் என்று கற்றுக்கொள்ளவேண்டிய எல்லாமே அதில் இருக்கின்றன.

எந்தத் தாள், எந்தத் தேதி

தரையைக் கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்கு அமெரிக்காவில் அடிப்படையான தாள் செக்‌ஷனல் சார்ட். அளவு 1:5,00,000. தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 5 கிலோமீட்டர். ஒரு கடல் மைல் 3.7 மில்லிமீட்டர். நம் பாதை சான் பிரான்சிஸ்கோ செக்‌ஷனலில் வருகிறது. வளைகுடாவைச் சுற்றி வான்வெளி அடுக்கடுக்காக இருப்பதால் 1:2,50,000 அளவில் வரும் டெர்மினல் ஏரியா சார்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சார்ட்டில் எறும்புபோல் நெருக்கமாக இருக்கும் எழுத்துகள் அதில் மூச்சுவிடும்.

தாளைக் கையில் எடுத்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். செக்‌ஷனல் சார்ட் 56 நாட்களுக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. உலகம் முழுவதும் வான்பயணத் தகவல்கள் 28 நாள் சுற்றில், வியாழக்கிழமைகளில் மாறுகின்றன. அந்தச் சுற்றுக்கு ஏஐராக் என்று பெயர். நேற்றுவரை செல்லுபடியான தாள் இன்று காலை பழையதாகிவிடலாம். மலை நகராது, பழைய சார்ட் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மலை நகராதுதான். ஆனால் அலைவரிசை மாறும், புதிய கோபுரம் எழும், வான்வெளியின் எல்லை நகரும்.

புதிய தாளிலும் இல்லாத விஷயங்கள் நோட்டாம் என்னும் அறிவிப்புகளில் வரும்: ஓடுபாதை மூடல், தற்காலிகத் தடைப்பகுதி, விளக்கு எரியாத கோபுரம். புறப்படும் அன்று அவற்றைப் படித்து, உங்கள் பாதைக்கு அருகில் உள்ளவற்றை சார்ட்டின் மீதே பென்சிலால் குறித்துவிடுங்கள். தனிக் காகிதத்தில் எழுதினால் அந்தக் காகிதத்தைத் தேடவேண்டி வரும்.

மேசையில் செய்யவேண்டிய வேலை

மென்மையான பென்சில், ரப்பர், பிளாட்டர் என்னும் பாகைமானி பொருத்திய அளவுகோல் போதும். பாலோ ஆல்டோவையும் சலினாஸையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். ஏறக்குறைய 54 கடல் மைல். கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். பாதிவழிக்குச் சற்று முன்பே விரல் சாண்டா குரூஸ் மலைத்தொடரின் மேல் ஏறும். 1989இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பெயர் தந்த லோமா ப்ரியட்டா சிகரம் அங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய 3,800 அடி. நம் கோட்டுக்கு இரண்டு கடல் மைல் கிழக்கே. என்ஜின் நின்றால் இறங்க வயல் கிடையாது, காடுதான்.

இப்போது அதை அழித்துவிட்டு இரண்டு கோடுகளாகப் போடுங்கள். பாலோ ஆல்டோவிலிருந்து சான் மார்ட்டின் என்ற சிறிய விமான நிலையம்வரை 34 கடல் மைல். அங்கிருந்து நேர் தெற்கே சலினாஸ்வரை 25. மொத்தம் 59. கூடுதல் ஐந்து மைல்தான். 90 நாட், அதாவது மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் மூன்றரை நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பதிலாகப் பாதி வழிக்குமேல் 101ஆம் நெடுஞ்சாலை ஓடும் பள்ளத்தாக்கு உங்களுக்குக் கீழேயே வருகிறது. நேர்கோட்டின் மேல் புதியவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. அதை மேசையிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது திசை. முதல் கோட்டை அதன் நடுப்பகுதியில் உள்ள தீர்க்கரேகையில் வைத்து அளந்தால் ஏறக்குறைய 133 டிகிரி வரும். இது உண்மை வடக்கை வைத்து வந்த எண். திசைகாட்டி காந்த வடக்கைத்தான் காட்டும். இந்தப் பகுதியில் இரண்டுக்கும் இடையே 13 டிகிரி கிழக்கு வேறுபாடு உண்டு; சார்ட்டில் மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பு நிறத்தில், விட்டுவிட்டு ஓடும் கோடாக அது தெரியும். கிழக்கு என்றால் கழியுங்கள், மேற்கு என்றால் கூட்டுங்கள். ஆக 120. சென்னைப் பக்கம் இந்த வேறுபாடு மிகச் சிறியது. அங்கே பயிற்சி பெற்று வருபவர்கள் இங்கே இதை மறந்துவிட்டால் பத்தே மைலில் இரண்டு மைலுக்குமேல் விலகிப்போவார்கள். 120 என்ற எண்ணைக் கோட்டின் பக்கத்தில், போகும் திசையில் படிக்கும்படி பெரிதாக எழுதுங்கள். பிறகு காற்றுக்கு ஏற்ற திருத்தத்தைக் கணக்கிட்டுத் திருத்திய திசையை அதன் கீழே எழுதுங்கள்.

கோட்டின் மேல் பத்து மைலுக்கு ஒரு சிறு குறுக்குக்கோடு போடுங்கள். 37 மில்லிமீட்டருக்கு ஒன்று. காற்றில்லாத நாளில் 90 நாட் வேகத்துக்கு அது 6 நிமிடம் 40 நொடி. பறக்கும்போது தாளைப் பார்த்ததும் அளவுகோல் இல்லாமலே தூரம் தெரியும்.

உயரத்தைப் பொறுத்தவரை ஓர் எண் புதியவர்களை ஏமாற்றும். சார்ட்டை 30 நிமிட அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய நீல எண்ணையும் அதன் தோளில் ஒரு சிறிய எண்ணையும் அச்சிட்டிருப்பார்கள். பெரியது ஆயிரம், சிறியது நூறு. அந்தக் கட்டத்தின் மிக உயர்ந்த நிலம் அல்லது கோபுரம் எவ்வளவு என்பதை மேல்நோக்கி முழுமையாக்கிய எண் அது. பலர் அதைப் பாதுகாப்பான உயரம் என்று எண்ணிவிடுகிறார்கள். அதில் உங்களுக்கான இடைவெளி எதுவும் சேர்க்கப்படவில்லை. குறைந்தது ஆயிரம் அடி, மலைப்பகுதியில் இரண்டாயிரம் அடி நீங்களே கூட்டி, கோட்டின் அருகே எழுதிக்கொள்ளுங்கள். பார்வை மறையும் நாளில் இந்த ஓர் எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

பிறகு கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்வெளியின் வகுப்புகள். தடித்த நீலக் கோடு பெரிய விமான நிலையத்தின் பி வகுப்பு. மெஜந்தா முழுக்கோடு சி வகுப்பு. விட்டுவிட்டு ஓடும் நீலக் கோடு டி வகுப்பு. பின்னம்போல் எழுதியிருக்கும் எண்கள் நூறு அடிக் கணக்கில் கூரையும் தரையும்: மேலே 100, கீழே 30 என்றிருந்தால் அந்த அடுக்கு 3,000 அடியில் தொடங்கி 10,000 அடியில் முடிகிறது. நம் முதல் கோடு சான் ஹொசே விமான நிலையத்துக்கு இரண்டு மைல் அருகில் போகிறது. அது சி வகுப்பு. அதற்கும் முன்னால், பாலோ ஆல்டோவிலிருந்து ஏறிய இரண்டு மூன்று நிமிடத்தில் மாஃபெட் ஃபீல்ட் என்ற விமானத்தளத்தின் வான்வெளி எல்லை. அடுத்து யாரிடம் பேசவேண்டும், எந்த அலைவரிசையில் என்பதை வரிசையாக, கோட்டின் எந்த இடத்தில் பேசவேண்டுமோ அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாகத் தரை அடையாளங்கள். பத்து, பதினைந்து மைலுக்கு ஒன்று போதும். நல்ல அடையாளம் இரண்டு பொருட்கள் சேர்ந்ததாக இருக்கும்: நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் சந்திக்கும் இடம், ஊரின் விளிம்பில் இருக்கும் ஓடுபாதை. தனியாக ஒரு சாலை, தனியாக ஒரு குன்று எங்கும் கிடைக்கும். சான் மார்ட்டினுக்குச் சற்று முன்னால், மார்கன் ஹில் ஊருக்குக் கிழக்கே, சார்ட்டில் ஆண்டர்சன் நீர்த்தேக்கம் நீளமான நீலமாகத் தெரியும். பார்த்ததும் அதைத்தான் வட்டமிடத் தோன்றும். ஆனால் அந்த அணை நிலநடுக்கத்தைத் தாங்காது என்பதால் 2020இல் நீரை வடியவிட்டார்கள். தாளில் நீலத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் நீலத்தைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது பழுப்புநிறப் பள்ளம். கோடையில் வற்றிய கண்மாயைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை: நீரின் கரையை நம்பாதீர்கள், அணையின் சுவரை நம்புங்கள். நான் அங்கே எடுத்துக்கொள்வது சான் மார்ட்டின் ஓடுபாதையையும் அதை ஒட்டி ஓடும் 101ஆம் சாலையையும் சேர்த்துத்தான்.

மடிப்பது

கடையில் வாங்கும்போது இருக்கும் மடிப்பு அலமாரிக்கு ஏற்றது, மடிக்கு ஏற்றதல்ல. பழைய மடிப்பை மறந்துவிட்டு, தாளைத் தரையில் விரித்து, உங்கள் கோட்டுக்கு இருபுறமும் குறைந்தது பத்து மைல், அதாவது நான்கு சென்டிமீட்டர், தெரியும்படி புதிதாக மடியுங்கள். நம் பாதையின் மொத்த நீளம் தாளில் 22 சென்டிமீட்டர். ஏ4 அளவு மடிப்பில் முழுப் பயணமும் அடங்கிவிடும், ஒருமுறைகூடப் புரட்டவேண்டாம். நகத்தால் மடிப்பை அழுத்தித் தேயுங்கள். விசிறிபோல் தானாக விரியும் தாள் காக்பிட்டில் பெரும் தொல்லை.

பாதை நீளமானால் விசிறி மடிப்பாக, முன்னும் பின்னுமாக மடியுங்கள். கோடு ஒரு பக்கத்தில் முடிந்து அடுத்த பக்கத்தில் தொடங்கும் இடத்தில் அம்புக்குறி போடுங்கள். மடிப்பின் முதுகில் அடையாளமோ அலைவரிசையோ வராதபடி பாருங்கள். நாலு முறை மடித்தால் எழுத்து தேய்ந்துபோவது அங்கேதான். மடித்தபின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் புரட்டிப் பழகுங்கள். வீட்டில் பத்து முறை செய்தால் போதும்.

தொடையில் கட்டும் பலகையில்

நீபோர்டு என்னும் இந்தப் பலகையை எழுதும் கைப்பக்கத் தொடையில் கட்டுங்கள். கட்டியபின் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முழுவதுமாக இழுத்து, இருபுறமும் திருப்பிப் பாருங்கள். பலகை இடித்தால் இறக்கிக் கட்டுங்கள். மேலே சார்ட், அதன் கீழே நேரமும் எரிபொருளும் எழுதும் பதிவுத்தாள், அதன் கீழே சலினாஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை வரைபடம். இவ்வளவுதான். மற்றவை பக்கத்து இருக்கையில், தேவைப்படும் வரிசையில். பென்சிலை நூலில் கட்டி வையுங்கள், சட்டைப்பையில் இன்னொன்று. கீழே விழுந்த பென்சிலைக் குனிந்து தேடிய நொடிகளில் எத்தனையோ விமானங்கள் சாய்ந்திருக்கின்றன.

பறக்கும்போது

வரிசை இதுதான்: கடிகாரம், சார்ட், தரை. முதலில் நேரத்தைப் பாருங்கள். இத்தனை நிமிடத்தில் இங்கே இருக்கவேண்டும் என்று தாளில் விரலை வையுங்கள். அந்த இடத்தில் என்ன தெரியவேண்டும் என்று படித்துவிட்டு, நிமிர்ந்து அதை வெளியே பாருங்கள். புதியவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். கீழே ஓர் ஊரைப் பார்த்ததும், இது எந்த ஊர் என்று தாளில் துழாவுவார்கள். துழாவினால் ஏதோ ஓர் ஊர் பொருந்தத்தான் செய்யும். மனம் பொருத்திக் காட்டிவிடும். அங்கிருந்துதான் வழிதவறல் தொடங்குகிறது.

தாளை நீங்கள் போகும் திசைக்குத் திருப்பி வையுங்கள். தெற்கே போகும்போது எழுத்துகள் தலைகீழாகத் தெரியும், பரவாயில்லை. தாளில் இடப்பக்கம் இருக்கும் மலை ஜன்னலுக்கு வெளியேயும் இடப்பக்கம் இருக்கவேண்டும் என்பதே முக்கியம். சலினாஸ் நோக்கிப் போகும்போது கேபிலன் மலைத்தொடர் உங்கள் இடதுதோளுக்கு அப்பால் நிற்கும். அது வலதுபக்கம் தெரிந்தால் எதுவோ பெரிதாகத் தவறியிருக்கிறது என்று ஒரு கணத்தில் புரிந்துவிடும்.

கட்டைவிரலை எப்போதும் கடைசியாக உறுதிசெய்த இடத்தில் வைத்திருங்கள். அடுத்த அடையாளம் உறுதியானால் விரல் நகரும். இல்லையென்றால் அங்கேயே நிற்கும். சார்ட்டைப் பார்ப்பது இரண்டு நொடிக்குமேல் வேண்டாம். இரண்டு நொடி தாள், பிறகு வெளியே, பிறகு கருவிகள். போதவில்லை என்றால் மறுபடியும் இரண்டு நொடி.

வழி தவறிவிட்டால் வட்டமிட்டுக்கொண்டு தாளை முறைக்காதீர்கள். வான்வெளி அனுமதித்தால் உயரம் ஏறுங்கள். தூரம் தெரியும், ரேடியோவும் நன்றாகக் கேட்கும். பேசிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லுங்கள், யாரும் இல்லையென்றால் 121.5 என்ற அவசர அலைவரிசையில். வழி தவறியதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரவில் சிவப்பு விளக்கு

இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு விளக்கு கெடுக்காது என்று படித்துவிட்டு, மாணவர்கள் சிவப்பு டார்ச் வாங்கி வருகிறார்கள். ஒருநாள் இரவில் சான் மார்ட்டினைத் தாளில் காட்டும்படி ஒரு மாணவியிடம் கேட்டேன். டார்ச்சை அடித்துத் தேடினார். அது அங்கே இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையங்கள் மெஜந்தாவில் அச்சாகின்றன. சிவப்பு வெளிச்சத்தில் அந்த நிறம் தாளின் வெண்மையோடு கரைந்துபோகும். சான் ஹொசேயின் சி வகுப்பு எல்லையும் அப்படியே மங்கிப்போனது. மஞ்சள் ஹைலைட்டரால் தடவிய கோட்டையும் காணோம். மங்கலான வெள்ளை விளக்குதான் சார்ட்டுக்கு ஏற்றது. கோட்டைக் கருப்புப் பென்சிலால் தடிப்பாகப் போடுங்கள். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

மேகத்துக்குள் இறங்கும் தாள்கள்

கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தொடங்கியதும் சார்ட் சிறிய தாள்களாக மாறும். ஒவ்வொரு ஓடுபாதைக்கும் இறங்கும் முறைக்கு ஒரு தாள். இந்தத் தாள்களின் மூதாதை ஒரு பத்து சென்ட் நோட்டுப் புத்தகம். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க அஞ்சல் விமானி எல்ரே ஜெப்பசன், ஓடுபாதையின் நீளம், சுற்றியுள்ள தடைகளின் உயரம், வானிலை கேட்க அருகிலுள்ள விவசாயிகளின் தொலைபேசி எண் என்று தானே அளந்தும் விசாரித்தும் அதில் எழுதிவைத்தார். சக விமானிகள் பிரதி கேட்க, 1934இல் அது தொழிலாயிற்று. இன்றும் பல காக்பிட்டுகளில் இருக்கும் தாள்களுக்கு அவர் பெயர்தான்.

அடுக்கும் வரிசை பயணத்தின் வரிசை: தரை வரைபடம், புறப்பாட்டு முறை, வருகை முறை, இறங்கும் முறை, சேரும் இடத்தின் தரை வரைபடம், மாற்று விமான நிலையத்தின் தாள்கள். இவற்றுக்கு மேலாக ஒன்றை வையுங்கள்: புறப்படும் விமான நிலையத்துக்கே திரும்பி இறங்கும் முறை. ஏறியவுடன் கோளாறு வந்தால் தேவைப்படுவது அதுதான், அப்போது அதைத் தேட நேரம் இருக்காது.

தாளை இறங்கத் தொடங்குவதற்கு முன்பே, வேலை குறைந்திருக்கும் நேரத்தில், வாய்விட்டுப் படியுங்கள். தாளின் பெயரும் தேதியும், அலைவரிசை, இறுதித் திசை, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தபட்ச உயரம், எந்த உயரத்தில் ஓடுபாதை தெரியவேண்டும், தெரியாவிட்டால் எங்கே ஏறித் திரும்பவேண்டும். இரண்டு விமானிகள் இருந்தால் ஒருவர் படிக்க மற்றவர் தன் தாளில் சரிபார்க்கவேண்டும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் 1974 டிசம்பர் 1. டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 514ஆம் விமானம், ஒரு போயிங் 727, பலத்த காற்றால் வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்துக்குப் பதிலாக, அதே நகருக்கு உரிய டல்லெஸ் விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. இறங்கும் முறைக்கு அனுமதி கிடைத்ததும் 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கினார்கள். தாளின் மேல்பார்வைப் படத்தில், ரவுண்ட் ஹில் என்ற புள்ளிவரை 3,400 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று அச்சாகியிருந்தது. கேப்டன் அதைக் கவனித்தார். கவனித்துச் சொன்னதும் காக்பிட் குரல்பதிவில் இருக்கிறது. ஆனால் அனுமதி கொடுத்துவிட்டார்களே, இறங்கலாம் என்றே முடிவானது. விமானம் வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளருக்கும் விமானிக்கும் அனுமதியின் பொருள் வேறுவேறாக இருந்தது. விதிகள் பிறகு திருத்தப்பட்டன. எனக்கு அதில் மறக்கமுடியாதது, சரியான எண் அவர்கள் கையில் இருந்ததுதான். தாளும் காதில் கேட்டதும் ஒத்துப்போகாவிட்டால், தாளில் உள்ள உயரத்திலேயே நின்றுகொண்டு கேளுங்கள்.

டேப்லெட்

இன்று பெரும்பாலோர் டேப்லெட்டில்தான் பறக்கிறார்கள், நானும் அப்படித்தான். 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் காகிதத்தைக் கைவிட்டபோது, ஒவ்வொரு விமானியும் சுமந்த ஏறக்குறைய 16 கிலோ பை ஐபேடாகச் சுருங்கியது. விமானம் இருக்கும் இடத்தையே புள்ளியாகக் காட்டும் சார்ட் பெரிய வரம். ஆனாலும் அடுக்கும் வேலை போய்விடவில்லை. முந்தைய இரவே பாதைக்கும் மாற்று நிலையங்களுக்கும் உரிய சார்ட்டுகளைப் பதிவிறக்கி, இணைய இணைப்பை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தேவைப்படும் தாள்களைப் பயண வரிசையில் தொகுத்து வையுங்கள். முழு மின்னேற்றமும் துணை பேட்டரியும் வேண்டும்.

வெப்பம் இன்னொரு எதிரி. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ்வரை பயன்படுத்தலாம் என்கிறது ஆப்பிள். வெயிலில் நிறுத்திய சிறிய விமானத்தின் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த வெப்பத்தைத் தாண்டச் சில நிமிடம் போதும், திரை கருத்துவிடும். முன்கண்ணாடியில் ஒட்டாமல், நிழல் விழும் இடத்தில், பின்புறம் காற்றுப் படும்படி பொருத்துங்கள். கருத்த திரையைப் பார்த்துத் திகைக்காமலிருக்க, மடித்த காகித சார்ட் ஒன்றாவது பலகையில் இருக்கட்டும். கட்டைவிரல் அதன் மேலும் நகரட்டும்.

இறங்கியபின் கோடுகளை ரப்பரால் அழித்துவிட்டு அடுத்த பயணத்துக்கு அதே தாளைப் பயன்படுத்தலாம், தேதி இருக்கும்வரை. காலாவதியான அன்றே அதன் ஒரு மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். மூலையில்லாத தாள் இருட்டில் கைபட்டாலும் பழையது என்று தெரியும், தவறிப் பைக்குள் போகாது. எங்கள் வீட்டில் அவை என் மகளின் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டையாகின்றன. கணக்கு நோட்டின் முதுகில் இப்போது லோமா ப்ரியட்டா இருக்கிறது.